வெல்லம் பிடித்த கை

அக்கா, உங்கள் பை இந்தத் தூக்குவாளி மேல் இடிக்கிறது, கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறீர்களா? தப்பாக நினைக்காதீர்கள். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஏறும்போது பார்த்தேன், ஒட்டன்சத்திரத்தில் இன்னொரு தடவை பார்த்தேன். நான் ஒன்றும் பெரிதாகக் கவலைப்படுகிற ஆள் இல்லை. இந்த பஸ் கோயம்புத்தூர்தான் போகிறதா என்று கண்டக்டரிடம் கேட்டேனே, அது வேறு. போர்டில் போட்டிருக்கிறதுதான். போர்டை மாற்ற மறந்திருந்தால்?

வாசனையா? ஆமாம், இதிலிருந்துதான் வருகிறது. ஆப்பிள் மசியல். ஜாம் இல்லை அக்கா, மசியல். கடையில் கிடைக்காது. எங்கள் வீட்டில் மட்டும்தான் செய்வோம், வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில். பிள்ளைகள்தான் செய்ய வேண்டும். பெரியவர்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம், குண்டானை இறக்கி வைக்கலாம், அவ்வளவுதான். ஆப்பிளில் கை வைக்கக் கூடாது.

அப்பாவுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழ வண்டி. தள்ளுவண்டிதான். ஆயுத பூஜைக்கு ஊரே ஆப்பிள் வாங்கும். லாரி ஷெட்டு, ஒர்க்ஷாப்பு, பெட்டிக்கடை, ஒன்று விடாமல் வாங்குவார்கள். மறுநாள் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், எல்லோர் வீட்டிலும் சாமிக்கு வைத்த பழம் இருக்குமே. பெட்டிக்கு அடியில் அடிபட்டுக் கிடக்கிற பழமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அடிபட்ட இடத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடலாம்தான். ஆனால் கத்தி எங்கே இருக்கிறது? சாமி முன்னால் இருக்கிறது. கத்தி, தராசு, எடைக்கல், அரிவாள்மனை, அம்மிக் குழவி, மிக்சி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படுக்கப் போட்டாயிற்று. மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை எதையும் தொடக் கூடாது. அடுப்புக்கும் பொட்டு உண்டு, ஆனால் அடுப்புக்கு மட்டும் லீவு கிடையாது. எங்கள் அம்மா மாதிரி.

ஒரு வருஷம் எங்கள் அக்கா, என்கூடப் பிறந்தவள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆப்பிள் வேண்டும் என்று அழுதிருக்கிறாள். நறுக்க முடியாது, அவளுக்கோ முன்பல் விழுந்திருக்கிறது, கடிக்கவும் முடியாது. அம்மா நாலு பழத்தை முழுசாகக் குண்டானில் போட்டு அவித்து, "இந்தா, நீயே பிசைஞ்சு தின்னு" என்று கொடுத்துவிட்டாள். அதுதான் ஆரம்பம். இப்போது குண்டான் நிறைய அவிக்கிறோம். தோல் வெடித்ததும் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைப்போம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து தோலை உரித்து, விதையையும் நாரையும் விரலால் எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிசைவார்கள். பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றி வெல்லம் போட வேண்டும். ஏலக்காய் கிடையாது, இடிக்க முடியாதே. அந்த மசியலைப் படைத்துத்தான் மறுபூஜை. அது தயாராகாமல் கத்தியை எடுக்க முடியாது, கத்தியை எடுக்காமல் வியாபாரம் இல்லை. அதனால் இது விளையாட்டு இல்லை அக்கா.

எனக்கு விவரம் தெரிந்த நாளாக நான் அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆப்பிள் எந்தச் சூட்டில் தோல் நன்றாக வரும், எந்தச் சூட்டில் கை பொசுங்கும் என்று எனக்குத் தெரியும். விதை உடைந்தால் கசக்கும் என்று கண்டுபிடித்ததே நான்தான். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது கோயம்புத்தூரில் தண்ணீர் பரிசோதனை செய்கிற லேபில் வேலை.

அந்த வேலைதான் வினையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. முதல் சம்பளம் வாங்கிவிட்டால் தாம்பாளத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். அதற்கப்புறம் வெல்லம் வாங்கிக்கொண்டு வருவதுதான் வேலை. இந்த விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் அக்கா பத்தாவது முடித்து மில்லுக்குப் போன வருஷம், பூஜைக்கு லீவில் வந்தவள் தாம்பாளம் பக்கமே வராமல் ஒரு பை வெல்லத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாளாம். "இனிமே வெல்லம் என்னோடது" என்றாளாம். அன்றைக்கு முழுக்க தலையை நிமிர்த்திக்கொண்டே திரிந்தாள் என்று அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு என்ன, அவளுக்குப் பிசையப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அதற்காக எல்லோருக்கும் விதியாக்குவதா?

எனக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. நியாயம் என்ன என்றுதான் கேட்கிறேன். ஏனென்றால் என் அண்ணன் இருக்கிறான், அழகுராஜா என்று. என்னைவிட நாலு வயது மூத்தவன். அவன் இன்னும் தாம்பாளத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அரசாங்கப் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வேலை கிட்டத்தில் வந்து நின்றுவிடுகிறது. மற்ற நேரம் அப்பா வண்டியில் நிற்பான், ஆனால் அப்பா வண்டியில் நிற்பது சம்பளக் கணக்கில் வராது. ஆகவே மீசை வைத்த ஆள், பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் ஜாலியாக ஆப்பிள் பிசைகிறான். அதிர்ஷ்டம் என்றால் அதுதான். இவனை யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மதியமே ஊருக்குப் போய்விட்டேன். கோயம்புத்தூரிலிருந்து வெல்லமும் வாங்கிப் போனேன். விதிக்குக் கட்டுப்பட்டு வாங்கவில்லை, கை வீசிக்கொண்டு போகக் கூடாதே என்றுதான். அக்கா எப்போதும் தூள் வெல்லம் வாங்குவாள். எனக்குத் தூளில் நம்பிக்கை இல்லை. எதை எதைச் சேர்த்து அரைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கட்டி என்றால் கண்ணுக்குத் தெரியும். அதனால் கடைக்காரரிடம் கேட்டு ஒரு முழு மண்டை வெல்லம் வாங்கினேன், உரித்த தேங்காய் அளவு இருக்கும். நல்ல கறுப்பு. நல்ல கெட்டி. அவ்வளவு கெட்டி என்று அப்போது தெரியாது.

சாயங்காலம் பூஜை. அம்மா என் வெல்லத்தை வாழையிலையில் வைத்தாள். அண்ணனுடைய பரீட்சைப் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்தாள். என் கழுத்திலிருந்த ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்லி, அதையும் அந்தப் புத்தக அடுக்கின் மேலேயே வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். என் போட்டோ நெற்றியில் சரியாக விழுந்தது, அழகாக இருந்தது. அண்ணன் மட்டும் குனிந்து அட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். குங்குமம் புத்தகத்தில் கொட்டிவிடும் என்றான். புத்தகத்தை அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்வான்.

மறுநாள் காலையில் நான்தான் முதலில் கை கழுவினேன். முழங்கை வரை, லேபில் கழுவுகிற மாதிரி. தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தும்விட்டேன். எங்கள் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் தர்ஷினி ஆறாவது படிக்கிறாள், அடுத்தவன் கவின், கடைக்குட்டி மித்ரா, அவளை இன்னும் ஸ்கூலில் சேர்க்கவில்லை. மூன்று பேரும் வந்து நின்று என்னையே பார்த்தார்கள்.

"சித்தி, எந்திரி" என்றாள் தர்ஷினி.

"ஏன்டி?"

"நீ சம்பளம் வாங்குற."

"அது சம்பளம் இல்லடி. நான் ட்ரெயினி. அதுக்குப் பேரு உதவித்தொகை."

"உதவித்தொகைன்னா?"

"வேலை கத்துக்கிற காலத்துல குடுக்கிறது."

"குடுக்கிறாங்கல்ல?"

இவள் பெரிய வக்கீலாக வருவாள் அக்கா, பார்த்துக்கொண்டே இருங்கள். நான் விடவில்லை. வேலை நிரந்தரமானால்தான் அது சம்பளம், அதுவரைக்கும் நான் மாணவி மாதிரிதான் என்று விளக்கினேன். கவின், "அப்ப பஸ்ல பாஸ் குடுப்பாங்களா சித்தி?" என்று கேட்டான். அண்ணன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அப்பாவிடம் போய்விட்டது பஞ்சாயத்து. அப்பா வாசலில் வண்டிச் சக்கரத்தில் கட்டிய வாழைக்கன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏத்தா ஜோதி, காசு உன் கணக்குல ஏறிருச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

ஏறவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் பேங்குக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் எனக்குப் பொய் வராது, வந்தாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

"ஏறிருச்சுப்பா."

"அப்ப எந்திரி."

எழுந்தேன். எழுந்து சுவரோரம் நின்றேன். அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று தோளில் கை போட்டு, "வா வா, இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். என்ன நன்றாக இருக்கும்? சும்மா நின்றுகொண்டு பார்க்க வேண்டும். நான் சும்மா நிற்கவில்லை. சின்னச் சின்ன யோசனைகள் சொல்லிக்கொண்டிருந்தேன். தோலைக் காம்புப் பக்கமிருந்து உரி, நகத்தால் கிள்ளாதே, மூக்கைத் தொட்ட கையைக் கழுவு, விதை, விதை, அந்த விதையைப் பார், இப்படி. நாலு தடவைக்கு மேல் சொல்லியிருக்க மாட்டேன். தர்ஷினி, "தாத்தா, சித்தியை வெளிய அனுப்புங்க" என்று கத்துகிறாள்.

நடுவில் மித்ரா, கை நிறைய மசியலை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, நீ எப்ப அந்தப் பக்கம் போவ?"

அக்கா அவள் முதுகில் தட்டினாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா பிசைடி."

குழந்தை கேட்டதில் என்ன தப்பு? எனக்கு விளங்கவில்லை. அண்ணன் ஒன்றும் கோபப்படவில்லை. "நானும் போயிட்டா உனக்கு விதை எடுத்துக் குடுக்க ஆளு வேணாமா?" என்றான். மித்ரா யோசித்துவிட்டு, "வேணும்" என்றாள். அதற்கப்புறம் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் பிசைந்தார்கள். ஆப்பிள் நல்ல சூடாக இருந்தது, அதனால் இருக்கலாம்.

குண்டானை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். தர்ஷினி கையை நீட்டினாள். "சித்தி, வெல்லம்."

நான் பெருமையாக வெல்லத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"இதை எப்படி உடைக்கிறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. சுத்தியல் சாமி முன்னால். குழவி சாமி முன்னால். எடைக்கல், கத்தி, தேங்காய் உடைக்கிற அரிவாள், எல்லாம் சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு என்னையே பார்க்கின்றன. இத்தனை வருஷமாக அக்கா ஏன் தூள் வாங்கினாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல மாட்டார்களா? எல்லாவற்றையும் நானாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எப்படி?

பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடினேன். கடை பாதிதான் திறந்திருந்தது. தூள் வெல்லம் கேட்டேன். அந்த அண்ணாச்சி உள்ளேயிருந்தே, "தராசு சாமிகிட்ட இருக்கு பாப்பா. நான் எதை வச்சு நிறுத்துத் தரட்டும்?" என்றார். "கண்ணளவுல குடுங்கண்ணே" என்றேன். "கண்ணளவுல குடுத்தா தராசுக்கு மரியாதை என்ன?" என்கிறார். தெரு முழுக்க இதே கதைதான். ஒரு வீட்டில்கூட ஒரு சுத்தியல் வெளியே இல்லை.

திரும்பி வந்தால் கவின் வெல்லத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறான், தரையில் போட்டு உடைக்க. அம்மா பாய்ந்து பிடுங்கினாள். "சாமிக்கு வச்ச வெல்லம்டா. முத சம்பளத்துல வாங்கினது. தரையில போடுவியா?"

"தேங்காய மட்டும் போடுறாங்க?"

"தேங்காய் வேற."

"எப்படி வேற?"

அம்மா வெல்லத்தை அவனிடம் தராமல் என் கையில் கொடுத்துவிட்டாள். நான் அதைத் துண்டில் சுற்றி நிலைப்படி ஓரத்தில் மெதுவாக இடித்துப் பார்த்தேன். நிலைப்படியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. வெல்லம் உதிரவில்லை. முழுசாகக் குண்டானில் போட்டால் தித்திப்பு திகட்டிவிடும். தனியாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்றேன். "தண்ணியாப் போயிரும் சித்தி, நீதான போன வருஷம் சொன்ன" என்றாள் தர்ஷினி. சொன்னேன்தான். உள்ளே மசியல் அடி பிடிக்கிற வாசனை வர ஆரம்பித்தது. அப்பா வாசலிலிருந்து, "என்னத்தா, நல்ல நேரம் போகுது" என்கிறார். முதல் வருஷம் வெல்லம் கொண்டுவந்து, முதல் வருஷமே மசியல் இல்லாமல் போனால்? அப்பா கத்தி எடுக்க முடியாமல் போனால்? நான் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது.

அண்ணன்தான் எழுந்து வந்தான். கை முழுக்க ஆப்பிள். என் கையிலிருந்த துண்டைப் பார்த்தான், வெல்லத்தைப் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"அதை அப்படியே துணியில மூட்டையாக் கட்டு. குண்டானுக்குள்ள முக்கிப் பிடி. கரையிற வரைக்கும் கரையட்டும். போதும்னதும் தூக்கிரு."

நல்ல யோசனைதான் அக்கா. கெமிஸ்ட்ரி படித்த எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. பதற்றத்தில் வரவில்லை. அம்மா ஒரு வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். கிழிக்கக் கத்தி வேண்டாம், பல் போதும். தர்ஷினி மூட்டையைக் கையில் வாங்கப் போனாள். அண்ணன் தடுத்தான்.

"இரு. வெல்லம் யாரோடது?"

"சித்தியோடது."

"வெல்லம் கொண்டுவந்தவங்கதான் போடணும். அதான விதி?"

"ஆமா."

"அப்ப போடுற வரைக்கும் பிடிக்க வேண்டியதும் அவங்கதான்."

தர்ஷினி கொஞ்ச நேரம் யோசித்தாள். வக்கீல் இல்லையா. பிறகு, "ஆப்பிள்ல கை படக் கூடாது" என்றாள்.

"படாது" என்றேன்.

பட்டது அக்கா. படாமல் எப்படி இருக்கும்? அடுப்புக்கு முன்னால் நின்று மூட்டையை முக்கித் தூக்கி, முக்கித் தூக்கி, மசியல் முழங்கை வரை தெறித்தது. வெள்ளை மசியலில் கறுப்பு வெல்லம் கோடு கோடாக இறங்குவதைப் பார்க்க வேண்டுமே. பிள்ளைகள் மூன்று பேரும் ஸ்டூல் போட்டு ஏறிக் குண்டானுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அண்ணன் கரண்டியால் கிண்டுகிறான். சின்னப் பிள்ளை வாய் பட்டால் எச்சில் இல்லை என்பாள் அம்மா. மித்ரா ஒவ்வொரு முக்குக்கும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்து, "இன்னும்" என்கிறாள். "இன்னும்." "இன்னும்." பாதி வெல்லம் போனபிறகும் "இன்னும்"தான். கடைசியில் கவின் அவள் வாயைப் பொத்திவிட்டு, "போதும்" என்றான்.

மசியல் கொஞ்சம் தித்திப்பு தூக்கல். அடியில் ஒரு கருகல் வாசனையும் உண்டு, நீங்கள் கவனித்தால் தெரியும். மறுபூஜையில் சாமிக்குப் படைத்த பிறகு அப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இதான் இதுவரைக்கும் வந்ததுலயே ஒசத்தி" என்றார். வருஷா வருஷம் இதையேதான் சொல்வார். ஆனாலும் இந்த வருஷம் அம்மா அவரை மறுத்துப் பேசவில்லை.

பிறகு சாமி முன்னால் வைத்ததையெல்லாம் எடுத்தோம். அப்பா கத்தியை எடுத்து ஒரு நல்ல ஆப்பிளை முதல் வெட்டு வெட்டினார். அம்மா என் அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். அண்ணன் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்தான், அன்றைக்குக் கொஞ்சமாவது படிக்க வேண்டுமே. மித்ரா அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெல்லக் கையால் பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிற புத்தகம். திட்டுவான் என்று நினைத்தேன். "இந்தக் கேள்வி கண்டிப்பா வரும்போல" என்றான்.

இன்றைக்குக் காலையில் அவன்தான் பஸ் ஏற்றிவிட வந்தான். தூக்குவாளியை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜோதி, அடுத்த வருஷம் வெல்லம் நான் வாங்குறேன்."

"நீயா?"

"ஆமா. உன்னை மாதிரி ஊரையே ஓட விட மாட்டேன். ஒழுங்காத் தூளா வாங்கிட்டு வருவேன்."

எனக்கு அவசரமாகிவிட்டது, டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டுமே.

"தூள் வாங்காதண்ணே. தூள்னா ஒரே நிமிஷம், கொட்டிட்டு சுவரோரம் நிக்கணும். அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, நான் பார்த்துட்டேன். கட்டியா வாங்கு. கட்டியா இருந்தாத்தான் கூட நிக்கலாம்."

அவன் கம்பியை விடவில்லை. பஸ் நகர்ந்ததும் கூடவே நாலு எட்டு நடந்து வந்து, "பெரிய கட்டியாவே வாங்குறேன்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. டீசல் புகை அவனுக்கு ஆகாது.

இருங்கள், ஒரு கரண்டி கொண்டுவந்திருக்கிறேன், கையை நீட்டுங்கள். வேலைக்குப் போகிறீர்களா? பரவாயில்லை, சாப்பிடுவதற்கு விதி கிடையாது. எப்படி இருக்கிறது? தித்திப்பு தூக்கலா? சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்து ஒன்று யோசித்துக்கொண்டு வருகிறேன் அக்கா. அடுத்த வருஷம் அவன் வெல்லம், என் வெல்லம் என்று இரண்டு கட்டி வந்தால் குண்டான் தாங்காது. ஒரே கட்டிதான் சரி. அப்படியானால் பிடிப்பது யார்? தர்ஷினி கேட்பாள், அவள் விட மாட்டாள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். துணிக்கு நாலு முனை இருக்கிறதே. இரண்டு அவன் பிடிக்கட்டும், இரண்டு நான் பிடிக்கிறேன்.